நீதிமன்றத்தைவிட ஊரே முக்கியம்: ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல் மதிப்புரை

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைக் கையில் எடுப்பவர்களில் பலர் நீதிமன்றக் காட்சிக்காகவே எடுக்கிறார்கள். அது 17ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. 21இல் தீர்ப்பே வந்துவிடுகிறது. 31 அத்தியாயங்கள் கொண்ட புத்தகத்தில் விசாரணைக்கு ஒதுக்கியிருப்பது ஐந்தே ஐந்து. மீதி 26இல் லீ என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் இந்த நாவலின் தரம் பிடிபடும். ஒரு சின்ன ஊர், அதில் யார் எங்கே குடியிருக்கிறார்கள், யார் யார் வீட்டுக்குள் நுழையலாம், யார் சொன்னால் எடுபடும் என்பதை அந்த 26 அத்தியாயங்களும் வரைந்து முடிக்கின்றன. தீர்ப்பு அந்த வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்தில் அதை வாசித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 ஜூலை 11ஆம் தேதி லிப்பின்காட் வெளியிட்டது. 1961இல் புலிட்சர் பரிசு. கதைக்களம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற கற்பனை ஊர். காலம் 1933 கோடை முதல் 1935 அக்டோபர் கடைசி வரை. கதை சொல்லும் ஸ்கௌட்டுக்குத் தொடக்கத்தில் ஆறு வயது நிரம்பவில்லை, முடியும்போது ஒன்பது நிரம்பவில்லை. அண்ணன் ஜெம் நான்கு வயது மூத்தவன். அப்பா அட்டிகஸ் ஃபிஞ்ச் வக்கீல், மனைவியை இழந்தவர். வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற 25 வயதுக் கறுப்பருக்காக வாதாடும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

மேகோமுக்கு மூலம் லீ பிறந்து வளர்ந்த ‘மன்ரோவில்’ என்ற அலபாமா ஊர். அவருடைய அப்பா அமாசா கோல்மன் லீயும் வக்கீல்தான். ஊர்ப் பத்திரிகையை நடத்தியவர், மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். வெள்ளைக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் கைதான இரண்டு கறுப்பர்களுக்காக 1919இல் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். நாவல் எங்கிருந்து முளைத்தது என்று தேடுபவர்கள் இதையும், 1931இல் தொடங்கிய ஸ்காட்ஸ்பரோ வழக்கையும் (விவரம் பின்னால்) சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படிப்பவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் 4ஆம் அத்தியாயத்துக்கும் 8ஆம் அத்தியாயத்துக்கும் நடுவில்தான். பக்கத்து வீட்டில் வெளியே தலைகாட்டாத பூ ராட்லியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஸ்கௌட், ஜெம், அவர்களின் நண்பன் டில் என்ற மூன்று குழந்தைகள் போடும் திட்டங்கள், மரப்பொந்தில் கிடைக்கும் சில்லறைப் பரிசுகள் என்று கதை சுற்றிச் சுற்றி வருகிறது. வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 9ஆம் அத்தியாயத்தில்தான் டாம் ராபின்சன் என்ற பெயரே நம் காதில் விழுகிறது. இழுவை என்று தோன்றினால் அது நியாயமான புகார். ஆனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போனால் பின்னால் எதுவும் உறைக்காது. பூ ராட்லியைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளில் ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அணில் தின்கிறான், இரவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான் என்கிறார்கள், எல்லோரும் நம்புகிறார்கள். பார்க்காத ஒருவனைப் பற்றி ஊர் கூடி ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதை ஆபத்தில்லாத ஒரு வெள்ளைக்காரனை வைத்து லீ முதலில் காட்டிவிடுகிறார். அதே பழக்கம் கறுப்பன் ஒருவன்மேல் பாயும்போது என்ன ஆகும் என்பது இரண்டாம் பாகம்.

இதே பகுதியில் சட்டென்று கடந்து போகக்கூடிய ஓர் இடம் உண்டு. மேகோமில் பனி பெய்கிறது, ஆனால் பொம்மை செய்யப் போதுமான அளவு இல்லை. ஜெம் கூடை கூடையாக மண்ணை அள்ளி முதலில் ஒரு மண்பொம்மை பிடிக்கிறான். கறுப்பாக இருக்கிறதே என்கிறாள் ஸ்கௌட். கொஞ்ச நேரம்தான் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு, கிடைத்த பனியை எடுத்து மேலே பூசி வெள்ளையாக்குகிறான். லீ இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். இந்த நாவல் நன்றாக இருக்கும் இடங்களெல்லாம் இப்படித்தான். குழந்தை பார்க்கிறது, புரிந்துகொள்வதில்லை, நமக்குப் புரிகிறது. அட்டிகஸ் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் இடங்களில் அந்த நுட்பம் இறங்கிப்போகிறது.

ஊரின் அடுக்குகளை 23ஆம் அத்தியாயத்தில் ஜெம் வாய்விட்டே சொல்கிறான். ஃபிஞ்ச் குடும்பம் போன்றவர்கள் மேலே. காட்டுப்பக்கம் விவசாயம் செய்யும், கடன் வாங்கினால் விளைச்சலாகத் திருப்பித் தரும் கன்னிங்ஹாம்கள் அடுத்து. குப்பைமேட்டுக்குப் பின்னால் இருக்கும் யூவெல்கள் அதற்கும் கீழே. எல்லோருக்கும் கீழே கறுப்பர்கள். வெள்ளையர் எல்லோரையும் ஒரே கும்பலாகக் காட்டாததுதான் இந்த நாவலின் பெரிய பலம் என்பேன். பொருளாதார நெருக்கடி காலத்தில் வெள்ளை ஏழைகளுக்குள்ளேயே எத்தனை படிகள் இருந்தன, கடைசிப்படியில் நிற்பவன் ஏன் அவ்வளவு கொடூரமாகிறான் என்பதற்கு இங்கே கணக்கு இருக்கிறது.

யூவெல்களின் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்பு ஒரு கறுப்பர் குடும்பம் இருந்த குடிசை. ஊர்க் குப்பை கொட்டும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு அப்பால் கறுப்பர் குடியிருப்பு, டாம் ராபின்சனின் வீடும் அங்கேதான். தினமும் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் யூவெல் வாசலைத் தாண்டித்தான் டாம் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. வழக்கு முழுவதும் இந்த ஒரு பாதையில் நிற்கிறது. பாப் யூவெலுக்கு வேலை இல்லை, நிலம் இல்லை, ஊரில் மதிப்பு இல்லை. அக்கம்பக்கத்துக் கறுப்பர்களைவிட அவன் உயர்ந்தவன் என்று சொல்ல, தோலைத் தவிர அவனிடம் எதுவும் கிடையாது. அந்த முற்றத்தின் ஒரு மூலையில் பீங்கான் பூச்சு உதிர்ந்த ஆறு பழைய சட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் செடிகள் இருக்கின்றன. பத்தொன்பது வயது மயெல்லா வளர்ப்பவை. பொய் சாட்சி சொல்லப்போகும் பெண்ணுக்கு லீ கொடுக்கும் ஒரே அழகு அதுதான். அவளை மன்னிக்கவும் விடாமல், வெறுக்கவும் விடாமல் நம்மை நிறுத்தி வைப்பதும் அந்தச் சட்டிகள்தான்.

விசாரணைக்கு வருவோம். சட்டம் தெரிந்தவர்கள் எழுதிய நீதிமன்றக் கதைகளில் பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஒரு ரகசியம் உடையும். லீ அதைச் செய்யவில்லை. சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார், ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு துண்டு மட்டும் வாங்குகிறார். முதலில் ஷெரிஃப் ஹெக் டேட். டாக்டரைக் கூப்பிட்டீர்களா என்று அட்டிகஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார், இல்லை என்பதுதான் பதில். ஆக, பலாத்காரம் நடந்தது என்பதற்கு மருத்துவச் சான்று எதுவுமே கிடையாது. முகத்தில் எந்தப் பக்கம் அடி என்ற கேள்விக்கு முதலில் இடது என்கிறார், யோசித்துவிட்டு வலது என்று திருத்துகிறார். கழுத்தைச் சுற்றிலும் விரல் தடங்கள் இருந்தன என்பதையும் சொல்கிறார். இரண்டாவது பாப் யூவெல். உங்களுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டு, ஓர் உறையின் பின்புறத்தில் பெயர் எழுதச் சொல்கிறார்கள். இடது கையால் எழுதுகிறான். மூன்றாவது மயெல்லா. இவன்தானா என்று டாமை எழுந்து நிற்கச் சொல்லும்போதுதான் அவனுடைய இடது கை சூம்பித் தொங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள். சிறுவயதில் பஞ்சு அரைவை இயந்திரத்தில் மாட்டிய கை, வலது கையைவிட ஓரடி குட்டை. எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் பலமாக அடி விழ வேண்டுமானால் அடிப்பவருக்கு இடது கை வேண்டும். கழுத்தைச் சுற்றி நெரிக்க இரண்டு கைகளும் வேண்டும். யாரும் துள்ளிக் குதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை.

இதெல்லாம் தெளிவாகிவிட்ட பிறகும் தோற்கிறார்கள். எந்த இடத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. டாம் சாட்சிக் கூண்டில் ஏறுகிறான். அந்தப் பெண் கூப்பிட்ட போதெல்லாம் காசு வாங்காமல் விறகு வெட்டிக் கொடுத்தது ஏன் என்று அரசு வக்கீல் கில்மர் குடைகிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். அந்த நிமிடமே வழக்கு முடிந்துவிட்டது. பொய் சொன்னால் மன்னித்திருப்பார்கள், அந்த வீட்டிலிருந்து ஓடிப்போனதையும் பொறுத்திருப்பார்கள். ஒரு கறுப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்பட்டான் என்பதை ஜூரியில் ஒருவராலும் பொறுக்க முடியாது, ஏனென்றால் பரிதாபம் மேலே நிற்பவன் கீழே பார்க்கும்போது வருவது. சாட்சியங்களை எடைபோட்டுத் தோற்கவில்லை, அடுக்கு கலைந்ததால் தோற்றார்கள். நாவலில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் இது. இதைச் சொல்ல லீ எடுத்துக்கொள்வது சில வரிகள்தான்.

இன்னொரு விஷயத்தையும் பலர் தவற விடுகிறார்கள். மயெல்லா ஒரு வருஷம் பாடுபட்டு ஏழு ஐந்து சென்ட் நாணயங்கள் சேர்த்து, தம்பி தங்கைகள் ஏழு பேரையும் ஐஸ்கிரீம் வாங்க ஊருக்குள் அனுப்பிவிட்டுத்தான் டாமை வீட்டுக்குள் கூப்பிடுகிறாள். அத்தனை தனிமையில் இருக்கிறாள். அட்டிகஸ் மரியாதையாக ‘மிஸ் மயெல்லா’ என்று விளித்தால் கிண்டல் செய்கிறார் என்று நினைக்கிறாள், ஏனென்றால் அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அட்டிகஸின் குறுக்கு விசாரணை முடிவில் நிரூபிப்பது என்ன? அவளே ஆசைப்பட்டாள் என்று. பலாத்கார வழக்கில் காலங்காலமாகப் பெண்கள்மேல் வீசப்படும் வாதம். இங்கே அது உண்மையாக இருப்பதால் நாம் கைதட்டுகிறோம். இன்று படிப்பவர் இந்த இடத்தில் கொஞ்சம் சங்கடப்பட்டால் அது புத்தகத்தைத் தவறாகப் படித்ததாக ஆகாது.

ஜூரியைப் பற்றி நாவல் சொல்வதைவிடச் சட்டம் சொல்வது கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள், பெரும்பாலும் விவசாயிகள். பெண்கள் அலபாமாவில் ஜூரியில் உட்கார முடியாது என்று அட்டிகஸே பிள்ளைகளிடம் சொல்கிறார். இந்தத் தடை நிஜத்திலும் 1966இல் கூட்டாட்சி நீதிமன்றம் ‘வைட் எதிர் குரூக்’ வழக்கில் தலையிடும்வரை நீடித்தது. கறுப்பர்கள் எப்படி விலக்கப்பட்டார்கள் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் நேரடியான தடை எதுவும் தேவைப்படவில்லை. கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஜூரிப் பட்டியல் தயாரிப்பவர்கள் அவர்களின் பெயரைச் சேர்க்காமல் விட்டாலே போதும். 1901ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு எழுத்தறிவுத் தேர்வையும் வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரியையும் வைத்து வாக்குரிமையை ஏற்கெனவே பறித்துவிட்டிருந்தது. தலைவரி பாக்கி சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஏழை வெள்ளையர் பலரும் வாக்கிழந்தார்கள்.

ஸ்காட்ஸ்பரோ வழக்கை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு ரயிலிலிருந்து இறக்கப்பட்ட ஒன்பது கறுப்பு இளைஞர்கள்மேல் இரண்டு வெள்ளைப் பெண்கள் பலாத்காரப் புகார் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. ஒரு பெண் 1933இல் தன் புகாரையே பொய் என்று சாட்சி சொன்னார், அப்போதும் ஜூரி தண்டித்தது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹோர்ட்டன் அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். மேல்முறையீட்டில் ஜூரிப் பதிவேட்டையே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போய், கறுப்பர் பெயர்கள் பிற்பாடு திணிக்கப்பட்டதை நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கறுப்பர்களைத் திட்டமிட்டு விலக்கிய ஜூரி செல்லாது என்று ‘நாரிஸ் எதிர் அலபாமா’ தீர்ப்பு வந்தது 1935 ஏப்ரல் 1ஆம் தேதி.

இப்போது நாவலின் காலக்கணக்கைப் பாருங்கள். டாம் ராபின்சன் வழக்கு நடப்பது 1935 கோடையில். அதே மாநிலத்திலிருந்து போன வழக்கில், அதே வகைக் குற்றச்சாட்டில், தீர்ப்பு வந்து சில மாதங்களே ஆகின்றன. சட்டமன்றத்தில் இருக்கும், நாளிதழ் படிக்காமல் தூங்காத ஒரு வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஜூரி தேர்வுக்கு அட்டிகஸ் ஆட்சேபம் எழுப்புவதாக நாவலில் ஒரு வரிகூட இல்லை. மேல்முறையீட்டில் வாய்ப்பு இருக்கிறது என்கிறார், எந்த அடிப்படையில் என்று சொல்வதில்லை. இது லீ கவனிக்காமல் விட்டதா, அட்டிகஸ் தன் ஊரோடு மோதாமல் காக்கும் எல்லையா என்று வாதாடலாம். என் வாக்கு இரண்டாவதற்கு. இந்த வழக்கு தன் கைக்கு வராமலே வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று இருந்ததாக அவரே 9ஆம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். நீதிபதி டெய்லர் நியமித்ததால் ஏற்றார். ஏற்றபின் உயிரைக் கொடுத்து வாதாடினார். இரண்டும் உண்மை.

அட்டிகஸைக் கோயில் சிலையாக்கியது வாசகர்கள்தான். அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2003இல் வெளியிட்ட நாயகர் பட்டியலில் அவருக்கு முதலிடம். எதிர்க்குரல்களும் பழையவைதான். சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் 1992இலேயே, தன் ஊரில் தினமும் நடக்கும் பிரிவினையை எதிர்த்து சுயமாக ஒரு துரும்பையும் அசைக்காதவர் முன்மாதிரி வக்கீலா என்று கேட்டார். 2009இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல், அட்டிகஸ் சட்டத்தை மாற்ற முயல்வதில்லை, ஆட்களின் மனசைத் திருத்தினால் போதும் என்று நினைக்கும் பழைய தெற்கத்திய நல்லவர் என்று எழுதினார். இவர்கள் சொல்வதற்கு நாவலிலேயே ஆதாரம் இருக்கிறது.

மிகத் தெளிவான ஆதாரம் வெள்ளை இனவெறிக் குழுவான கூ கிளக்ஸ் கிளான் பற்றிய பேச்சு. சுமார் 1920இல் இங்கே கிளான் இருந்தது, அது பெரும்பாலும் ஓர் அரசியல் அமைப்பு, பயமுறுத்த ஆள் கிடைக்காமல் கலைந்துவிட்டது என்கிற மாதிரி அட்டிகஸ் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிறார். யூதக் கடைக்காரர் ஒருவர் திண்ணையில் நின்று, நீங்கள் போர்த்தியிருக்கும் துணியே நான் விற்றதுதான் என்று சொல்லி விரட்டியதாக ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. நிஜமான அலபாமாவில் 1920களில் கிளான் ஆளையே தேர்ந்தெடுத்து அனுப்பும் பலத்தில் இருந்தது. 1923இல் உறுப்பினரான ஹ்யூகோ பிளாக் 1926இல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927இல் ஆளுநரான பிப் கிரேவ்ஸும் கிளான்காரர். குழந்தைகளைப் பயமுறுத்தாமல் இருக்க அப்பா மழுப்புகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வளர்ந்து பின்னோக்கிச் சொல்லும் ஸ்கௌட்டும் அதைத் திருத்துவதில்லை. நாவலின் மிகப் பலவீனமான இடம் இது.

அதற்கு ஈடுகட்டுவதுபோல் சில சில்லறைப் பாத்திரங்கள் அசாத்தியம். பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட் கறுப்பர்களைப் பக்கத்தில் சேர்க்காதவர். ஆனால் சிறை வாசலில் கும்பல் அட்டிகஸைச் சூழ்ந்தபோது மேல்மாடி ஜன்னலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலிருந்தவரும் அவர்தான். தீர்ப்புக்குப் பிறகு சிறைக் காவலர்கள் டாமைச் சுட்டுக் கொன்றபோது, ஊனமானவனைச் சுட்டது பாவம் என்று தலையங்கம் எழுதியவரும் அவர்தான். மிஸ் கேட்ஸ் என்ற ஆசிரியை வகுப்பில் ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதைக் கண்டித்து, நம் நாட்டில் ஜனநாயகம் என்று கரும்பலகையில் எழுதுகிறார். அதே ஆசிரியை தீர்ப்பு நாளில் நீதிமன்றப் படியிறங்கும்போது இவர்களுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டியதுதான் என்று சொன்னதை ஸ்கௌட் கேட்டிருக்கிறாள். அது எப்படி முடியும் என்று அண்ணனிடம் கேட்கப் போனால் அவன் எரிந்து விழுகிறான். 24ஆம் அத்தியாயத்தின் மிஷனரி வட்டத் தேநீர்க் கூட்டத்தையும் விடாதீர்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு பழங்குடிக்காகக் கண்ணீர் விடும் அம்மாக்கள், தங்கள் வீட்டு வேலைக்காரி தீர்ப்புக்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகக் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

கறுப்பர்கள் பக்கம்? அங்கேதான் நாவல் கையிருப்பு குறைகிறது. 12ஆம் அத்தியாயத்தில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் கல்பர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறாள். பாட்டுப் புத்தகம் கிடையாது. கல்பர்னியாவின் மகன் ஜீபோ ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாடுகிறது, ஏனென்றால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நாலே பேர். டாமின் மனைவி ஹெலனுக்காகப் பத்து டாலர் சேரும்வரை போதகர் சைக்ஸ் கதவைத் திறக்க விடுவதில்லை. வெள்ளைப் பிள்ளைகளை ஏன் அழைத்து வந்தாய் என்று லூலா என்ற பெண் எதிர்க்கிறாள். நாவலில் கோபப்படும் கறுப்பர் அவள் ஒருத்திதான், சில வரிகளில் ஓரங்கட்டப்படுகிறாள். கல்பர்னியாவின் வீட்டுக்குப் போக ஸ்கௌட் ஆசைப்படுகிறாள், அலெக்சாண்ட்ரா அத்தை தடுத்துவிடுகிறார். கடைசிவரை அந்த வீட்டு வாசலை நாம் மிதிப்பதில்லை. கணவன் செத்த செய்தியைக் கேட்டு ஹெலன் சரிந்து விழுவதுகூட டில் பார்த்து வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும். குழந்தையின் கண் அதுவரைதான் போகும் என்பது நியாயமான சமாதானம். ஆனால் அந்தக் கண்ணைத் தேர்ந்தெடுத்தது எழுத்தாளர். நீதிமன்ற மாடத்தில் நாலு பேர் எழுந்து முன்வரிசை இருக்கைகளை வெள்ளைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த நாலு பேரின் பெயர் தெரியாமலே நாவல் முடிகிறது.

பள்ளிகளில் இந்தப் புத்தகம் அடிக்கடி சிக்கலில் மாட்டுவதற்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள். 1966இல் வர்ஜீனியாவின் ஹானோவர் கவுன்ட்டிப் பள்ளி வாரியம் ஒழுக்கக்கேடானது என்று நீக்கியது. லீ பதிலுக்கு, வாரியத்தாரை முதலாம் வகுப்பில் சேர்க்கச் செலவுக்கு என்று பணம் இணைத்துக் கடிதம் எழுதினார். 2017இல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்ததற்குக் காரணம் வேறு. கறுப்பர்களை இழிக்கும் சொல் பலமுறை வருகிறது, வகுப்பில் அதை உரக்க வாசிப்பது கறுப்பு மாணவர்களை வதைக்கிறது என்பது. வகுப்பில் நடத்துபவர்கள் இரண்டாவது புகாரைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சத்தமாக வாசிக்காமல், ஸ்காட்ஸ்பரோ ஆவணங்களையும், கறுப்பு எழுத்தாளர் ஒருவரின் அதே காலத்து எழுத்தையும் பக்கத்தில் வைத்து நடத்தினால் நாவலின் குறையும் பாடமாகும்.

பழைய கதை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். லீயின் சொந்த மன்ரோ கவுன்ட்டியைச் சேர்ந்த வால்ட்டர் மக்மில்லியன் என்ற கறுப்பர், வெள்ளைப் பெண் ஒருவரைக் கொன்றதாக 1988இல் தண்டிக்கப்பட்டார். விசாரணை இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. ஜூரி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தும் நீதிபதி மரண தண்டனையாக மாற்றினார். வக்கீல் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993இல் அவரை நிரபராதியாக வெளியே கொண்டுவந்தார். லீ பிறந்த ஊரின் பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். வசந்தகாலத்தில் உள்ளூர்க்காரர்களே இந்த நாவலை நாடகமாக அங்கே நடிக்கிறார்கள்.

எந்த வடிவத்தில் வாங்குவது என்ற கேள்விக்கு: முதல்முறை என்றால் புத்தகம்தான். பேச்சுவழக்கு ஆங்கிலம் தடுக்கினால் சிஸ்ஸி ஸ்பேசெக் வாசித்த ஒலிநூல், சுமார் பன்னிரண்டு மணி நேரம். தெற்கத்திய இழுப்பு காதில் விழுந்துவிட்டால் பக்கத்தில் புரியாதது பாதி புரியும். ஃப்ரெட் ஃபோர்டம் 2018இல் வரைந்த சித்திர நாவல் பதின்வயதினருக்கு நல்ல நுழைவாயில், ஆனால் ஸ்கௌட்டின் நக்கல் அதில் பாதிக்குமேல் ஆவியாகிவிடுகிறது.

1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தை நாவலுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரெகரி பெக் அபாரம், டாமாக வரும் பிராக் பீட்டர்ஸ் அதைவிட அபாரம். ஆனால் 129 நிமிடத்துக்குள் அடக்க, தேவாலயத்தையும் மிஷனரி அம்மாக்களையும் எடுத்துவிட்டார்கள். அதாவது ஊரையே எடுத்துவிட்டு வக்கீலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு மாற்றம் குறிப்பாக உறுத்தும். நாவலில் சிறைக் காவலர்கள் டாமின் உடம்பில் 17 குண்டுகள் பாய்ச்சுகிறார்கள், அத்தனை தேவையில்லை என்று அட்டிகஸே சொல்கிறார். படத்தில் காயப்படுத்தச் சுட்ட குண்டு குறிதவறிக் கொன்றுவிடுகிறது.

2015இல் வந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’ இதன் தொடர்ச்சி என்று விற்கப்பட்டது. அப்படி அல்ல. லீ முதலில் எழுதிய வரைவு அதுதான். பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், குழந்தைப் பருவப் பகுதிகள் நன்றாக இருக்கின்றன, அவற்றை விரித்து எழுதுங்கள் என்று சொன்னதில் பிறந்ததுதான் மாக்கிங்பேர்ட். வாட்ச்மேனில் அட்டிகஸுக்கு 72 வயது. கறுப்பர்களுக்குப் பள்ளியில் சம இடம் தரச் சொன்ன 1954 தீர்ப்பை எதிர்க்கும் வெள்ளையர் குடிமக்கள் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். கதையாக அது தட்டை, உரையாடல்கள் சொற்பொழிவு. முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நூலகத்தில் கிடைத்தால் போதும். ஆனால் மாக்கிங்பேர்டைப் படித்து அட்டிகஸின்மேல் மயங்கிப்போனவர்கள் அதையும் படிக்க வேண்டும், அதுவும் இரண்டாவதாக. முதலில் படித்தால் ஜூரி ஆட்சேபம் இல்லாததும், கிளான் பற்றிய மழுப்பலும் சாதாரணமாகக் கடந்துபோய்விடும்.